பக்கத்து சீட்டு ஆள்

“வந்தாச்சு” என்று தையல்நாயகி சொல்லிவிட்டாள். சொல்லி, பஸ் ஏரிக்கரையை விட்டு நகர்ந்து, முதல் கொண்டை ஊசி வளைவில் எல்லா உடம்புகளும் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்த பிறகுதான், எதைப் பார்த்துவிட்டு அப்படிச் சொன்னோம் என்ற கேள்வி அவளுக்கு வந்தது. கேள்வி என்றுகூடச் சொல்ல முடியாது. சாப்பிடும்போது நாக்கில் முடி தட்டுப்படுமே, அந்த மாதிரி; இருக்கிறது என்று தெரிகிறது, எடுக்க வரவில்லை. குஞ்சிதபாதத்தின் யாத்திரை பஸ்ஸில் தலை எண்ணுகிற வழக்கம் கிடையாது. மனுஷரை வாய்விட்டு எண்ணினால் ஒன்று குறைந்துவிடும் என்று அவருடைய அப்பா நம்பினார், அவரும் நம்புகிறார். காசி, ராமேஸ்வரம், நவக்கிரகம் என்று சீர்காழிச் சனத்தை எண்ணாமலே ஏற்றிப்போய் எண்ணாமலே இறக்கிவிட்டிருக்கிறார். எண்ணுவதற்குப் பதிலாக அவர் ஒரு முறை வைத்திருந்தார். பஸ் கிளம்பும்போது முன்னால் நின்றுகொண்டு ஒவ்வொரு வரிசையாகக் கையை நீட்டி, “பக்கத்து சீட்டு ஆள் வந்தாச்சா?” என்பார். கேட்கப்பட்டவர் வந்தாச்சு என்று சொல்ல வேண்டும். தன்னைப் பற்றி யாரும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. ஒருத்தர் இருக்கிறார் என்பதற்குப் பக்கத்தில் இருக்கிறவர்தான் சாட்சி. மற்றவர்கள் நிஜமாகவே இருக்கிறார்களா என்று தத்துவக்காரர்கள் கட்டுக்கட்டாக எழுதித் தள்ளியும் தீராத சங்கதியை, குஞ்சிதபாதம் டீசல் புகைக்கு நடுவே நின்று ஒரே மூச்சில் தீர்த்துவிடுவார். கடைசி வரிசையும் வந்தாச்சு என்று சொன்னதும் சட்டைப் பையிலிருந்து திருநீறு எடுத்து டிரைவருக்கு முன்னால் இருக்கும் பிள்ளையாருக்கு ஒரு தீற்று. பிறகு ரைட். இன்றைக்கும் அப்படித்தான் நடந்தது. கை அவள் பக்கம் நீண்டது, அவள் வாய் சொன்னது, திருநீறு, ரைட். பிள்ளையாரே ஒப்புக்கொண்டதை இனி யார் மாற்றுவது.

பயமாக இருக்கும்போது வேறு எதையாவது நினைப்பது அவளுடைய பழக்கம். காலையிலிருந்து நடந்ததை வரிசையாக நினைத்துக்கொண்டு வந்தால், அந்த வரிசையின் முடிவில் பக்கத்து சீட்டு நாத்தனார் கமலவேணி பஸ்ஸில் ஏறுவது தானாக வந்துவிடும் என்று தோன்றியது. இது கோயில் இல்லாத யாத்திரை. மலை, ஏரி, துரை கட்டின பங்களா, பழைய மாதாகோயில் என்று நோட்டீஸில் போட்டிருந்தார்கள். ஆனால் கோயிலுக்குப் பழகின கால், மலைக்கு வந்தாலும் தன் பழக்கத்தைத்தான் காட்டும். பங்களா வாசலில் எல்லாரும் செருப்பைக் கழற்றிவிட்டார்கள். வேண்டாம் வேண்டாம் என்று காவலாளி கத்தியும் கேட்கவில்லை. மாதாகோயிலையும் அதைச் சுற்றிப் பாசி பிடித்துக் கிடந்த வெள்ளைக்காரர் கல்லறைகளையும் சேர்த்து, ஒற்றைப்படையில் இருக்கட்டும் என்று மூன்று முறை வலம் வந்தார்கள். ஏரியில் இறங்கித் தண்ணீரை அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டு இந்தத் தீர்த்தத்துக்கு என்ன பேர் என்று கேட்டார்கள். மின்சாரத் தீர்த்தம், அணை கட்டித் தேக்கினது என்று வத்சலா டீச்சர் சொன்னாள். பக்கத்து வரிசை டீச்சர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றும் திருத்துவதிலிருந்து ஓய்வு பெறாதவள். குஞ்சிதபாதமும் லேசுப்பட்டவர் இல்லை. தலபுராணம் சொல்லாமல் அவரால் ஓர் இடத்தைக் காட்ட முடியாது. பங்களா மாடியில் ஒரு நாற்காலியைக் காட்டி, துரை கப்பலேறிப் போனதிலிருந்து துரைசாணி இதிலேயே உட்கார்ந்து வழி பார்த்தாள், எழுப்பிச் சாப்பிடக் கூப்பிட்டபோது உயிர் இல்லை என்றார். ஏரிக்கடியில் இதேபோல் இன்னொரு பங்களாவும் தோட்டமும் முழுகிக் கிடப்பதாகவும், நல்ல கோடையில் அதன் புகைபோக்கி மட்டும் வெளியே தெரியும் என்றும் சொன்னார். இதெல்லாம் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று டீச்சர் கேட்டாள். புத்தகத்தில் இருந்தால் நான் எதுக்கு என்றார். எல்லாரும் சிரித்தார்கள். கமலவேணி மட்டும் அந்த நாற்காலியை விட்டு நகராமல், எழுப்பினது யாரு, எழுப்பாம இருந்திருந்தா இருந்திருப்பாளோ என்று கேட்டுக்கொண்டே நின்றாள். அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படியிறங்கினது தையல்நாயகி. ஆக, பங்களாவில் கையைப் பிடித்திருந்தாள். அதுவரைக்கும் சரியாக இருக்கிறது.

ஏரிக்கரையில்? பின் வாசலில் ஓர் அரக்குச் சால்வை ஏறினது. அதைப் பார்த்தாள். நிச்சயமாகப் பார்த்தாள். ஆனால் அரக்குச் சால்வை எல்லாரிடமும் இருக்கிறது. மலையில் குளிருமென்று மேட்டுப்பாளையத்தில் ஆளுக்கொன்று வாங்கிக் கொடுத்தவர் குஞ்சிதபாதம்தான். ஒரே நிறமாக இருந்தால் கூட்டத்தில் யாரும் தொலைய மாட்டார்களாம். ஒரே நிறமாக இருந்தால் யார் தொலைந்தாலும் தெரியாது என்பது அவருக்குத் தோன்றவில்லை. இருக்கட்டும். கமலவேணி பின்சீட்டில் போய்ப் படுத்திருக்கலாம். காலையிலும் அப்படித்தான், நடுவழியில் இடுப்பு வலிக்கிறது என்று எழுந்து போய், சமையல்காரரின் பாத்திரங்களுக்குப் பக்கத்தில் கடைசி நீள சீட்டில் சுருண்டு படுத்துக்கொண்டாள். இப்போதும் அங்கே ஏதோ அரக்கு நிறத்தில் சுருண்டிருக்கிறது. உட்காரும்போது ஓரக்கண்ணில் பட்டது. ஆள்தான். ஆளாகத்தான் இருக்க வேண்டும். திரும்பிப் பார்த்தால் தெரிந்துவிடும். தையல்நாயகி திரும்பவில்லை. கழுத்தில் ஒன்றுமில்லை, சுளுக்கு இல்லை, பிடிப்பு இல்லை. திரும்பாதவரைக்கும் அங்கே படுத்திருப்பது கமலவேணி. திரும்பின பிறகு என்னவாக இருக்கும் என்பது திரும்பினவர்கள் பாடு.

கமலவேணி தையல்நாயகியின் புருஷன் கலியமூர்த்திக்கு அக்கா. இளம் வயசிலேயே புருஷனைப் பறிகொடுத்துத் தம்பி வீட்டோடு வந்துவிட்டவள். தையல்நாயகி கல்யாணமாகி வந்தபோது அந்த வீட்டில் நிலைக்கதவு, அம்மி, கமலவேணி எல்லாம் முன்கூட்டியே இருந்தன. தையல்நாயகி வைத்த ரசத்தில் ஒருநாளும் உப்பு சரியாக இருந்ததில்லை. இவள் கூட்டின முற்றத்தை அவள் இன்னொரு தரம் கூட்டுவாள், வாய் பேசாமல், விளக்குமாற்றை மட்டும் கொஞ்சம் சத்தமாகப் போட்டு. கலியமூர்த்தி இருந்தவரைக்கும் அது அக்காவும் தம்பியும் இருந்த வீடு. தையல்நாயகி அதில் ரொம்ப நாள் தங்கிவிட்ட விருந்தாளி. கலியமூர்த்தி போன பிறகுதான் கமலவேணிக்கு மறதி வந்தது. முதலில் அடுப்பை மறந்தாள், பிறகு கிழமையை, பிறகு தம்பி செத்ததை. தம்பி எங்கே என்று தினமும் கேட்பாள். முதலில் சில நாள் தையல்நாயகி உண்மையைச் சொல்லிப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் அண்ணி அப்போதுதான் செய்தி வந்த மாதிரி மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். ஒரே சாவுக்கு எத்தனை தரம் ஒப்பாரி வைக்க முடியும். பிறகு தையல்நாயகி, கடைத்தெருவுக்குப் போயிருக்கார் அண்ணி, வந்துடுவார் என்று சொல்லப் பழகிக்கொண்டாள். தினமும் ஓர் ஆளைக் கடைத்தெருவுக்கு அனுப்பிக்கொண்டே இருந்ததில், விளக்கு வைக்கிற நேரத்தில் அவளுக்கே சில நாள் காது வாசல் பக்கம் போயிற்று. இதை யாரிடம் சொல்வது. மாறுதலாக இருக்கும், யாத்திரை போய்விட்டு வா என்றார்கள். அண்ணியை விட்டுவிட்டு எப்படி வருவது, அதனால் கூட்டிக்கொண்டு வந்தாள். விட்டுவிட்டு எப்படி வருவது. அந்த இரண்டு வார்த்தையும் இப்போது பஸ்ஸின் ஆட்டத்தோடு சேர்ந்து ஆடத் தொடங்கின. விட்டுவிட்டு வருவது, விட்டுவிட்டு வருவது என்று சக்கரம் சொல்லிற்று. அவள் வேறு பக்கம் நினைத்தாள்.

வேறு பக்கம் என்பதும் ஏரிதான். கரையில் எல்லாரையும் நிறுத்தி, எதிர்மலையைப் பார்த்துக் கூப்பிடச் சொன்னார் குஞ்சிதபாதம். இந்த மலை பேர் சொன்னால் திருப்பிச் சொல்லும், அவரவருக்கு வேண்டியவர்களைக் கூப்பிடலாம் என்றார். சமையல்காரர் தன் மாட்டைக் கூப்பிட்டார். டீச்சர் புருஷன் டீச்சரைக் கூப்பிட்டார். பக்கத்திலேயே நிற்கும்போது எதுக்கு என்று டீச்சர் கேட்டாள். தையல்நாயகி என்ன கூப்பிடுவது என்று தெரியாமல், வாய்க்கு வந்ததாக, அண்ணீ என்று கத்தினாள். வீட்டில் கொல்லையிலிருந்து கத்துகிற அதே கத்தல். மலை கொஞ்சம் யோசித்துவிட்டு அண்ணீ என்று சொல்லிற்று. தூரத்தில் முரடெல்லாம் உதிர்ந்து, தண்ணீர் மேல் நடந்து வந்த அந்தக் குரல், தாயைக் கூப்பிடுகிற பெண்ணின் குரல் மாதிரி இருந்தது. கமலவேணி தலையைச் சாய்த்துக் கேட்டாள். அது யாரு என்றாள். நான்தான் அண்ணி, என் குரல்தான் திரும்பி வருது. கமலவேணி இவளை மேலும் கீழும் பார்த்தாள். “நீ இல்லை. அவ உன்னைவிட நல்லாக் கூப்பிடுறா” என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். தையல்நாயகியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டேதான் அவளைச் சிமெண்டு பெஞ்சில் உட்கார வைத்தாள், தண்ணீரைப் பார்த்தாற்போல். இங்கேயே இருங்க அண்ணி, எந்திரிக்காதீங்க, இதோ வந்துடுறேன் என்றாள். பஸ் நிற்கிற இடத்துக்கு அப்பால் இருந்த கழிப்பறையில் நீள வரிசை. வெளியே வந்தபோது தூறல். தூறலோடு மஞ்சு இறங்கி, ஏரியைக் காணோம், பெஞ்சைக் காணோம், மலை இருந்த இடத்தில் ஈர வெள்ளைத் துணி. ஹாரன் அடித்தது. எல்லாரும் ஓடினார்கள். அப்போது பெஞ்சு இருக்கிற பக்கம் திரும்பி நின்றாள். நின்றாளா? நின்றாள், ஏனென்றால் முகத்தில் தூறல் விழுந்தது ஞாபகம் இருக்கிறது, தூறல் அந்தப் பக்கத்திலிருந்துதான் அடித்தது. மஞ்சுக்குள் அண்ணீ என்று ஒரு தரம் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட வாயைத் திறந்தாள். மலை திருப்பிச் சொல்லிவிடுமே, அந்தக் குரலில், என்று நினைத்தாளோ என்னமோ, வாயை மூடிக்கொண்டாள். அப்போதுதான் பின் வாசலில் அரக்குச் சால்வை. ஏறிவிட்டாள் என்று மனசு சொல்லிற்று. மனசு அவ்வளவு சீக்கிரம் சொன்னதுதான் இப்போது இடிக்கிறது.

ஜன்னலில் மஞ்சு கூடவே வந்தது. தைல மரங்கள் ஒவ்வொன்றாக அருகே வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் பின்வாங்கின. ஒரு வளைவில் சாலையோரம் காட்டெருமை ஒன்று நின்றிருந்தது. பஸ் வெளிச்சத்தில் கண் மட்டும் எரிந்தது, உடம்பு மஞ்சுக்குள் இருந்தது. இதுகள் சாயங்காலம் தண்ணிக்கு இறங்கும் என்று குஞ்சிதபாதம் முன்னாலிருந்து சொன்னார். எந்தத் தண்ணிக்கு என்று யாரும் கேட்கவில்லை. பக்கத்து வரிசையிலிருந்து டீச்சரின் கை நீண்டது. காகிதத்தில் சுற்றின வர்க்கி, ஊட்டிக்கே உரிய அந்த மொறுமொறுத்த ரொட்டி, இரண்டு. ஒண்ணு அண்ணிக்கு, தூங்குறாங்களா என்றாள் டீச்சர். ஆமா, பின்னால படுத்திருக்காங்க என்று தையல்நாயகி சொன்னாள். எவ்வளவு இயல்பாக வந்தது. கடைத்தெருவுக்குப் போயிருக்கார் என்பதைப் போலவே, அதே இறக்கத்தில், அதே நிதானத்தில். ஒரு வர்க்கியைக் கடித்தாள். நெய் வாசனை. வெளியே பார்த்தாள். காலையிலிருந்து இவ்வளவு மலையைச் சுற்றியும் இப்போதுதான் மலையைப் பார்ப்பதாகத் தோன்றிற்று. தேயிலைச் சரிவு ஒன்று மஞ்சு விலகின இடத்தில் பளிச்சென்று பச்சையாகத் தெரிந்து மறைந்தது. தோளில் யாரும் சாய்ந்திருக்கவில்லை. தம்பி எங்கே என்று யாரும் கேட்கவில்லை. காலை நீட்டிக்கொண்டாள். முழங்காலில் ரொம்ப நாளாக இருந்த ஒரு முடிச்சு அவிழ்ந்தது. குனிந்து பார்த்தபோது மடியெல்லாம் வர்க்கித் தூள், கையில் வெறும் காகிதம். இரண்டாவதையும் தின்றிருந்தாள்.

காகிதத்தை மடித்தாள். மறுபடி மடித்தாள். அண்ணிக்கென்று கொடுத்த வர்க்கி. பின்னால் படுத்திருப்பது அண்ணியாக இருந்தால், எழுந்ததும் கொடுக்க வேண்டும் என்று எடுத்து வைத்திருக்க மாட்டாளா? எடுத்து வைக்கத் தோன்றவே இல்லை. வாய்க்குத் தெரிந்திருக்கிறது, இதைக் கேட்க ஆள் வராது என்று. சரி, பசி, மலைக் காற்றுக்குப் பசிக்கும். காகிதத்தை வெளியே போடலாமென்று ஜன்னல் கண்ணாடியைத் தள்ளினாள். ஈரக்காற்று முகத்தில் அறைந்தது. ஜன்னல். அவள் கை அப்படியே நின்றது. சீர்காழியிலிருந்து ஜன்னல் ஓரம் கமலவேணிக்கு. அது பேச்சே இல்லாத ஏற்பாடு. பஸ்ஸில், ரயிலில், கல்யாணப் பந்தியில் காற்று வருகிற இடம் எதுவோ அது அண்ணிக்கு. இப்போது ஜன்னல் ஓரத்தில் தையல்நாயகி உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் வழியோர சீட்டில் அவளுடைய பையும் தண்ணீர் பாட்டிலும், நிம்மதியாக, ஆள் மாதிரி. எப்போது நகர்ந்தாள்? வந்தாச்சு என்று சொன்ன பிறகா? இல்லை. முன் வாசலில் ஏறி, நேராக வந்து, ஜன்னலோரம் உட்கார்ந்து, பையை வழியோர சீட்டில் வைத்தாள். அதற்குப் பிறகுதான் குஞ்சிதபாதத்தின் கை நீண்டது. அதற்குப் பிறகுதான் வந்தாச்சு. பக்கத்து ஆள் வருவாள் என்று நினைக்கிறவள் அந்த இடத்தில் உட்கார மாட்டாள். மனசு என்னென்னவோ வழக்காடலாம், சால்வை எனலாம், மஞ்சு எனலாம், மறதி எனலாம். உட்கார்ந்த இடம் உட்கார்ந்த இடம்தான். முதுகில் ஒரு குளிர் இறங்கிற்று. அது ஏரியின் குளிர். அந்தத் தண்ணீரைத் தலையில் தெளித்துக்கொண்டபோது முதுகில் வழிந்ததே, அது.

எழுந்தாள். வளைவு வருதும்மா, உக்காருங்க என்று குஞ்சிதபாதம் கூவினார். கம்பியைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தாள். தூங்குகிற தலைகள் ஒவ்வொன்றும் அவள் போகிற பக்கமாகச் சாய்ந்தன, வளைவுதான், வேறொன்றுமில்லை. பின்சீட்டில் அரக்குச் சால்வை சுருண்டிருந்தது. கீழே கால் மாதிரி ஏதோ நீண்டிருந்தது. மேல் நுனியைப் பிடித்து இழுத்தாள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு வடித்த சோற்று அண்டா, சூடு ஆறாமல் இருக்க சமையல்காரர் தன் சால்வையைப் போர்த்தியிருந்தார். கால் மாதிரி இருந்தது கரண்டிகள் கட்டின மூட்டை. அண்டாவின் வெதுவெதுப்பு உள்ளங்கையில் பட்டபோது, உடம்பைத் தொட்ட மாதிரி அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. சால்வையை அப்படியே சீட்டில் போட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

“வண்டியத் திருப்புங்க” என்றாள். யாருக்கும் புரியவில்லை. மறுபடி சொன்னாள். “அண்ணி வரலை.”

பஸ் ஓர் அகலமான இடம் பார்த்து நின்றது. குஞ்சிதபாதம் எழுந்து அவளையே பார்த்தார். கோபம் இல்லை, கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். “நீங்கதானம்மா வந்தாச்சுன்னு சொன்னீங்க” என்றார். அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. இத்தனை யாத்திரையில் யாரும் பொய்ச் சாட்சி சொன்னதில்லை. “சொன்னேன்” என்றாள் தையல்நாயகி. அவ்வளவுதான். டீச்சர், பாவம் சால்வையைப் பார்த்து ஏமாந்துட்டாங்க, எல்லாம் ஒரே நிறமில்லையா என்று அவளுக்காகப் பேசினாள். அதைப் பிடித்துக்கொண்டு கரையேறியிருக்கலாம். தையல்நாயகி தலையை ஆட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை. டீச்சரின் கண் வர்க்கித் தூள் ஒட்டியிருந்த மடிக்குப் போயிற்று, அங்கே கொஞ்சம் தங்கிற்று, ஜன்னலுக்குத் திரும்பிற்று.

திரும்பிப் போகிற சாலை அதே சாலை இல்லை. வந்தபோது இடப்பக்கம் இருந்த பள்ளம் இப்போது வலப்பக்கம் என்பதைத் தவிர வேறு வித்தியாசம் இருக்க நியாயமில்லைதான். ஆனால் மரங்கள் இப்போது எட்டிப் பார்க்கவில்லை, பார்த்தாகிவிட்டது என்பது போல் நின்றன. காட்டெருமை நின்ற வளைவில் அது இல்லை. தண்ணிக்கு இறங்கியிருக்கும். கமலவேணி எழுந்து நடந்திருப்பாள். தம்பி எங்கே என்று தேடிக்கொண்டு போயிருப்பாள். எந்தப் பக்கம்? பெஞ்சுக்கு முன்னால் பத்தடி சரிவு, அப்புறம் தண்ணீர். தண்ணீருக்கடியில் பங்களா, தோட்டம், நாற்காலி. குஞ்சிதபாதம் பேச்சைக் கேட்டு இதெல்லாம் நினைக்கிறேனே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். நினைப்பு நிற்கவில்லை. நாற்காலியில் கமலவேணி உட்கார்ந்திருக்கிறாள், பச்சைத் தண்ணீரில் முந்தானை மெதுவாக மேலே எழும்புகிறது, வீடு முற்றமெல்லாம் சரியாகக் கூட்டியிருக்கிறதா என்று பார்க்கிறாள். எழுப்பாமல் இருந்திருந்தால் இருந்திருப்பாளோ என்கிறாள். தையல்நாயகி கண்ணைத் திறந்துவைத்துக்கொண்டாள். ஒரு பேச்சுக்கு, அவள் பெஞ்சிலேயே இருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். இருந்தால் என்ன கேட்பாள்? ஏன் விட்டுட்டுப் போனே. அதற்கு என்ன பதில்? கடைத்தெருவுக்குப் போயிருந்தேன் அண்ணி. என்ன வேண்டுமானாலும் கேட்கட்டும். ரசத்தில் உப்பில்லை என்று சொல்லட்டும். உயிரோடு இருக்கட்டும், போதும்.

பஸ் நின்றதும் முதலில் இறங்கி ஓடினாள். மஞ்சு இன்னும் விலகவில்லை. தண்ணீரின் சத்தம் மட்டும் கேட்டது, யாரோ கை கழுவுகிற மாதிரி. பெஞ்சு தெரிவதற்கு முன்னால் பேச்சுக்குரல் கேட்டது. கமலவேணி பேசிக்கொண்டிருந்தாள். விட்டு விட்டு, பதில் கேட்டுக் கேட்டுப் பேசுகிற பேச்சு. நடுவில் ஒரு சிரிப்பு. அவள் சிரித்துத் தையல்நாயகி கேட்டதே இல்லை. பெஞ்சின் ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்தாள், ஒரு கை மறு ஓரத்தின் மேல் இருந்தது, யார் கை மேலோ வைத்திருக்கிற மாதிரி. தையல்நாயகி எதிரில் போய் நின்றதும் பேச்சு நின்றது. அண்ணி, போகலாம், நான்தான், வந்துட்டேன் என்று மூச்சிரைக்கச் சொன்னாள். மன்னிச்சுக்குங்க என்றும் ஏதோ சொன்னாள்.

“எதுக்கு?” என்றாள் கமலவேணி. “பக்கத்துலயேதானே இருந்தே. தம்பி செத்துட்டான்னு நீதானே சொன்னே. சொல்லிட்டு எங்கூட அழுதியே.”

அவள் கன்னம் காய்ந்திருந்தது, ஆனால் அழுத கண். தையல்நாயகி குனிந்து அவள் கையைப் பிடித்துத் தூக்கினாள். கமலவேணி எழுந்தாள். தூறலில் பெஞ்சு முழுக்க நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது. கமலவேணி உட்கார்ந்திருந்த இடம் மட்டும் காய்ந்து வெளுத்திருந்தது. அதற்குப் பக்கத்தில், அவள் கை வைத்திருந்த இடத்திலும், ஓர் ஆள் உட்காருகிற அளவுக்குக் காய்ந்து வெளுத்திருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த இரண்டாவது இடத்தின் மேல் தூறல் ஒவ்வொரு புள்ளியாக விழத் தொடங்கிற்று. பின்னால் வந்த குஞ்சிதபாதமும் அதைப் பார்த்தார். தலபுராணம் எதுவும் சொல்லவில்லை.

ஜன்னல் ஓரத்தில் கமலவேணியை உட்கார வைத்தாள். வழியோரத்தில் பையை எடுத்துவிட்டுத் தான் உட்கார்ந்தாள். டீச்சர் ஒரு துண்டு கொடுத்தாள். குஞ்சிதபாதம் வழக்கம்போல் முன்னால் போய் நின்று, முதல் வரிசையிலிருந்து ஆரம்பித்தார். வந்தாச்சா, வந்தாச்சு. வந்தாச்சா, வந்தாச்சு. இவர்கள் வரிசை வந்தது. அவருடைய கை தையல்நாயகியைத் தாண்டி உள்ளே நீண்டது. “பெரியம்மா, பக்கத்து சீட்டு ஆள் வந்தாச்சா?” என்று கமலவேணியைக் கேட்டார். அது தண்டனையா, மரியாதையா, வெறும் ஜாக்கிரதையா என்று தெரியவில்லை. கமலவேணி ஜன்னலிலிருந்து திரும்பினாள். தையல்நாயகியின் முகத்தை நிதானமாகப் பார்த்தாள், வழியில் ஏறின யாரோ ஒருத்தியைப் பார்க்கிற மாதிரி. உதட்டோரத்தில் ஒட்டியிருந்த வர்க்கித் தூளையும் பார்த்தாள்.

“இன்னும் வரலையே” என்றாள். “அங்கதான் இருக்கா. கூப்பிடுங்க.”

குஞ்சிதபாதத்தின் நீட்டின கை நீட்டினபடி நின்றது. வந்தாச்சு என்று சொல்லாமல் அவர் வண்டியை எடுக்க மாட்டார். அவர் அப்பா எடுத்ததில்லை. நான் இங்கே இருக்கிறேன் என்று தையல்நாயகி சொல்லலாம். ஆனால் தான் இருப்பதைத் தானே சொல்வது இந்த பஸ்ஸில் செல்லாது. எல்லாரும் காத்திருந்தார்கள். டிரைவர் எஞ்சினை நிறுத்தினார். தையல்நாயகி எழுந்து, கமலவேணியின் மடிக்கு மேலாகக் குனிந்து, கண்ணாடியைத் தள்ளினாள். மஞ்சைப் பார்த்து, தன் பேரைத் தானே கூப்பிட்டாள். “தையூ” என்று, கமலவேணி கூப்பிடுகிற மாதிரி. மலை திருப்பிச் சொல்லும் என்று எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். மலை சொல்லவில்லை. கூப்பிட்டது காதில் விழுந்து ஒருத்தர் எழுந்து, புடவையைத் தட்டிவிட்டுக்கொள்கிற நேரத்துக்குச் சும்மா இருந்தது. கமலவேணியின் பார்வை பெஞ்சு இருந்த இடத்திலிருந்து மெதுவாக, ஈரப்புல்லில் நடந்து வருகிறவரின் வேகத்தில், பஸ்ஸை நோக்கி நகர்ந்து, ஜன்னல் ஜன்னலாகப் பின்னால் போயிற்று. பின் வாசலின் படி ஒரு தரம் கிறீச்சிட்டது. அவள் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

“வந்தாச்சு” என்றாள். “போகலாம்.”

திருநீறு, ரைட். ஊட்டி விளக்குகள் கண்ணில் படுகிறவரைக்கும் தையல்நாயகி நேராக முன்னாலேயே பார்த்துக்கொண்டு வந்தாள். பின்சீட்டில் அவள் போட்டுவிட்டு வந்த அரக்குச் சால்வையை யாராவது எடுத்துப் போர்த்திக்கொண்டிருக்கிறார்களா என்று ஒரு தரம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.